புளுகு நீக்கமும் புதுச்சேரி வேதமும்

(புதுச்சேரி நகரில் நடந்த மாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேசுவதற்கு எடுத்துக் கொண்ட விஷயம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை. சுயமரியாதைக் கூட்டத்தில் இங்கிலீஷ் பாடம் நடத்த வந்து விட்டார்களே என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. நமக்கே அந்தப் பாஷையில் பாண்டித்தியம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மற்றதெல்லாம் காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் பழைய விலைக்கு வாங்கிய ஒரு அகராதியின் தயவு. அந்த அகராதியில் 'எஸ்' எழுத்துக்குப் பின்னால் உள்ள ஏடுகள் இல்லை. ஆகையால் நம்முடைய இங்கிலீஷும் அந்த எழுத்தோடு நின்று விட்டது. (சிரிப்பு). நல்ல வேளையாக இன்றைய வார்த்தை 'டி'யில் வருகிறது.

சென்ற மாதம் பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பேசி முடித்துக் கீழே இறங்கினோம். காலேஜில் படிக்கும் பிள்ளை ஒருவர் வந்து, "ஐயா, நீங்கள் செய்கிற வேலையை இங்கிலீஷில் 'டிபங்க்' என்று சொல்லுகிறார்கள். அதற்குத் தமிழில் என்ன?" என்று கேட்டார். நாம் யோசிக்காமல் "கண்டனம்" என்று சொல்லி விட்டோம். பக்கத்தில் துண்டைத் தோளில் போட்டுக் கொண்டு நின்ற ஒரு வயதான குடியானவர் சும்மா இருக்கவில்லை. "கண்டனம் என்றால் திட்டுகிறது அல்லவாங்க? நீங்கள் இன்றைக்கு யாரையும் திட்டவில்லையே, கணக்கு அல்லவா காட்டினீர்கள்?" என்றார். நமக்குப் பதில் வரவில்லை. பஸ்ஸில் ஏறிப் புதுச்சேரி வந்து சேருகிற வரையில் அந்தக் கேள்வியே மனதில் ஓடிற்று. அதற்கான பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

அந்தக் குடியானவர் சொன்னது முழுச் சரி என்று சொல்ல முடியாவிட்டாலும், முக்கால் பங்கு சரி. கண்டம் என்றால் துண்டு. கண்டனம் என்றால் துண்டாக வெட்டுவது. அதாவது எதிரியின் வாதத்தைத் துண்டு துண்டாக எடுத்து, இது இதனால் நிற்காது, அது அதனால் நிற்காது என்று காட்டுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவர் சைவரைத் தாக்கியும், சைவர் கிறிஸ்தவரைத் தாக்கியும், பிறகு சைவர் சைவரையே தாக்கியும் அச்சுப் போட்ட சின்னச் சின்னப் புத்தகங்களின் தலைப்பைப் பார்த்தால் கண்டனம், மறுப்பு, திக்காரம், பரிகாரம் என்றே இருக்கும். யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர் 1854இல் எழுதியது 'சைவதூஷண பரிகாரம்.' பிறகு அவர் கட்சிக்கும் வடலூர் இராமலிங்க அடிகள் கட்சிக்கும் அருட்பாவா மருட்பாவா என்று சண்டை மூண்டு, நமக்குப் பக்கத்தில் இருக்கிற மஞ்சக்குப்பம் கோர்ட்டுப் படி வரையில் ஏறி விட்டது. இந்தப் புத்தகங்களில் வாதம் ஒரு படி இருந்தால் வசவு மூன்று மரக்கால் இருக்கும். இப்படியே பழகிப் பழகி, கண்டனம் என்ற வார்த்தையிலிருந்து வெட்டிக் காட்டுகிற வேலை கழன்று போய், கோபித்துக் கொள்கிற வேலை மாத்திரம் மிஞ்சி விட்டது. இன்று கண்டனக் கூட்டம் என்றால் கறுப்புக் கொடியும் கோஷமும்தான். அதுவும் வேண்டிய வேலைதான். அதை நாம் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அது வேறு வேலை.

மறுப்பு என்ற நம்முடைய சொந்த வார்த்தை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தி என்ற சமணர், நூல் எழுதுகிறவன் கொள்ளத்தக்க மதம் ஏழு என்று கணக்குச் சொல்லுகிறார். அவர் மதம் என்பது கொள்கையை. திருநீறு நாமத்தை அல்ல. பிறர் சொன்னதை ஒப்புக் கொள்வது ஒன்று, மறுப்பது ஒன்று, பிறர் கொள்கையை முதலில் எடுத்துக் கொண்டு கொஞ்ச தூரம் கூடவே போய்ப் பிறகு களைவது ஒன்று, பிறர் நூலில் உள்ள குற்றத்தை எடுத்துக் காட்டுவது ஒன்று என்று போகிறது. பாருங்கள், வெறுமனே மறுப்பதையும், கூடவே போய்க் களைவதையும் அவர் வேறு வேறாக வைத்தார். நீலகேசி என்றொரு சமண காவியம் உண்டு. அதில் பழையனூர்ப் பேயாயிருந்த நீலகேசி சமணத்திற்கு வந்து, ஊர் ஊராகப் போய், பவுத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதி என்று ஒவ்வொருவரையும் மடக்குகிறாள். பேய் என்பதை நாம் நம்புகிறவர்கள் அல்ல. ஆனால் அந்தப் பேய் கேட்கிற கேள்விகளில் பாதியையாவது நம் ஊர் மனிதர்கள் கேட்டிருந்தால் நமக்கு மேடையில் வேலையே இருந்திருக்காது. (சிரிப்பு).

ஆனால் மறுப்பு என்ற வார்த்தையும் இன்றைக்கு இளைத்து விட்டது. "மந்திரி மறுப்பு" என்று பத்திரிகையில் போட்டால் என்ன அர்த்தம்? மந்திரி இல்லை என்று சொன்னார் என்று அர்த்தம். இல்லை என்று ருஜுப்படுத்தினார் என்று அர்த்தமல்ல. இதற்குப் புதுச்சேரிக்காரர்களாகிய நம் பெரியவர்களுக்குத் தெரிந்த பிரஞ்சு வார்த்தை 'தெமாந்தீர்.' மாந்தீர் என்றால் பொய் சொல்லுவது. நீ சொன்னது பொய் என்று எதிரே நின்று சொல்லுவது தெமாந்தீர். அவ்வளவோடு சரி. இங்கிலீஷிலும் பிரஞ்சிலும் இருக்கிற 'ரெஃப்யூட்' என்பது லத்தீன் வழியில் வந்தது. திருப்பி அடித்துத் தள்ளுவது என்று கருத்து. கோர்ட்டில் வக்கீல்கள் சொல்லும் 'ரிபட்டல்' என்பதும் பழைய பிரஞ்சிலிருந்து போனதுதான். இன்றைய பிரஞ்சில் 'ரெப்யு' என்றால் கழித்துப் போட்ட ஓட்டை உடைசல் சாமான். இவையெல்லாம் அடித்தல், தள்ளுதல், கழித்தல் என்ற கருத்தில் பிறந்த வார்த்தைகள். 'டிபங்க்' அப்படிப் பிறந்ததல்ல. அது ஒரு ஊரின் பெயரிலிருந்து பிறந்தது. அதுவும் ஒரு சட்டசபை உறுப்பினரின் வாயிலிருந்து பிறந்தது.

அமெரிக்காவில் வட கரோலினா என்று ஒரு மாகாணம். அதில் மலைப் பக்கத்தில் 'பங்கம்' என்று ஒரு ஜில்லா. 1791இல் ஏற்பட்டது. இங்கிலீஷ் அரசனை எதிர்த்த யுத்தத்தில் காயம்பட்டுப் பிடிபட்டு 1778இல் இறந்த எட்வர்டு பங்கம் என்ற கர்னலின் ஞாபகமாக அந்தப் பெயரை வைத்தார்கள். பாவம், அந்த மனிதருக்கும் புளுகுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்த ஜில்லா அடங்கிய தொகுதியிலிருந்து அமெரிக்கச் சட்டசபைக்குப் போனவர் பெலிக்ஸ் வாக்கர் என்பவர். 1820ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் அந்தச் சபையில் மிசூரி விவகாரம் நடக்கிறது. மிசூரி விவகாரம் என்றால் என்ன? புதிதாகச் சேரப் போகிற மிசூரி மாகாணத்தில் கறுப்பு மனிதரை மாட்டைப் போல வாங்கவும் விற்கவும் உரிமை இருக்கலாமா கூடாதா என்பது. அந்த ஒரு ஓட்டில் எத்தனையோ ஆயிரம் பேருடைய பிள்ளை குட்டிகளின் தலைவிதி இருந்தது. பல நாள் பேசி, ஓட்டு எடுக்கலாம் என்று சபை கூச்சலிடுகிற நேரத்தில் வாக்கர் எழுந்து பேச ஆரம்பித்தார். விஷயத்தோடு ஒட்டாத பேச்சு. உட்காரும்படி மற்றவர்கள் கெஞ்சினார்கள். அவர் உட்காரவில்லை. தாம் பேசுவது சபைக்காக அல்ல, பங்கத்துக்காக என்று சொல்லி விட்டார். அதாவது ஊரில் இருக்கிற ஓட்டர்கள், நம் ஆள் மூச்சு விடாமல் பேசினார் என்று பத்திரிகையில் பார்க்க வேண்டும், அதற்காகப் பேச்சு.

அன்று முதல் பங்கத்துக்குப் பேசுவது என்றால் ஊரை ஏய்க்கப் பேசுவது என்றாயிற்று. எழுத்தும் மாறிற்று; பிறகு வார்த்தை தேய்ந்து 'பங்க்' என்று ஆயிற்று. மெய்யோ பொய்யோ என்ற கவலையே இல்லாமல் கேட்கிறவன் காதுக்கு இனிக்கிறதற்காகச் சொல்லுகிற பேச்சுக்கு அது பெயர். நம் நாட்டில் இந்தச் சரக்குக்குப் பஞ்சமில்லை. ஸ்தல புராணங்களையும் தேர்தல் பிரசங்கங்களையும் பார்த்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பிறகு 1923இல் வில்லியம் உட்வர்டு என்ற அமெரிக்க எழுத்தாளர் 'பங்க்' என்ற பெயரிலேயே ஒரு நாவல் எழுதினார். அதில்தான் 'டி' என்ற முன்னொட்டைச் சேர்த்து 'டிபங்க்' என்ற வார்த்தையை உண்டாக்கினார். டி என்றால் நீக்குவது. தலையைச் சீவிப் பேன் எடுப்பது போல, ஒரு விஷயத்தில் ஒட்டிக் கொண்டிருக்கிற புளுகை எடுத்து விடுவது. தலையை வெட்டுவது அல்ல, பேனை எடுப்பது. தாம் சொன்ன வேலையை அவரே செய்தும் காட்டினார். 1926இல் அமெரிக்கர்கள் தெய்வம் போலக் கும்பிடும் ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றிப் பூச்சு இல்லாமல் ஒரு சரித்திரம் எழுதினார்.

இங்கே ஒன்று சொல்லி விட்டு மேலே போகிறோம். எல்லாவற்றையும் பங்க் என்று சொல்லி விடுவது டிபங்க் ஆகாது. மோட்டார் முதலாளி ஹென்றி போர்டு 1916இல் ஒரு பத்திரிகைக்காரரிடம் சரித்திரமே ஏறக்குறைய பங்க்தான் என்று சொன்னார். மூன்று வருஷம் கழித்து 1919இல், தம்மைத் தூஷித்ததாக அந்தப் பத்திரிகை மேல் அவர் போட்டிருந்த வழக்கில் கூண்டில் ஏறினார். அமெரிக்கப் புரட்சி எப்போது நடந்தது என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்டார். 1812 என்றார் போர்டு. அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும் 1776 என்று. வழக்கில் அவருக்குக் கிடைத்த நஷ்டஈடு 6 சென்ட்; அதாவது லட்ச ரூபாய் கேட்டவனுக்கு ஒரு தம்பிடி. படிக்காமல் தள்ளுகிறவனும் படிக்காமல் நம்புகிறவனும் அண்ணன் தம்பி என்று நாம் சொல்லுவது இதனால்தான்.

சரி, அமெரிக்காவை விட்டு நம் ஊருக்கு வருவோம். டிபங்க் என்ற வார்த்தை பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கு முந்தியே அந்த வேலை இந்தப் புதுச்சேரியில் நடந்தது. உலகமே நம்பிய ஒரு வேதத்தின் புளுகு இந்த ஊரில் வைத்துத்தான் நீக்கப்பட்டது. உங்களில் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கொஞ்சம் நிதானமாகச் சொல்லுகிறோம்.

வால்டேர் என்ற பிரஞ்சுப் பகுத்தறிவாளரை உங்களுக்குத் தெரியும். பாதிரிகளின் கொடுமையை அவர் போல எதிர்த்து எழுதியவர்கள் குறைவு. நம் ஊர்க் கோட்டையை இழந்ததற்காகப் பாரீசில் தலை வெட்டப்பட்ட லாலிக்காகப் பரிந்து எழுதியவரும் அவர்தான். அந்த லாலியின் பெயரில் இன்றும் இங்கே ஒரு வீதி இருக்கிறது. 1760இல் மொதாவ் என்ற பிரஞ்சு ராணுவ உத்தியோகஸ்தர் இந்தியாவிலிருந்து திரும்பிப் போய், வால்டேரைப் பார்த்து ஒரு கையெழுத்துப் புத்தகத்தைக் கொடுத்தார். அதன் பெயர் 'எசூர் வேதம்.' யசுர் என்பதைத்தான் பிரஞ்சு வாய் எசூர் ஆக்கிற்று. புத்தகம் பிரஞ்சில் இருந்தது. ஆதி வேதத்தின் உரையை ஒரு பிராமணர் பிரஞ்சில் மொழிபெயர்த்தது என்று பேச்சு. ஸ்ரீரங்கத்துப் பெரிய குருக்கள் ஒருவரை வால்டேரே அதனோடு சேர்த்து எழுதியிருக்கிறார்.

புத்தகத்தில் என்ன இருக்கிறது? பியாச் என்பவரும் சுமந்து என்பவரும் பேசிக் கொள்கிறார்கள். பியாச் என்றால் நம் வியாசர்தான். வியாசர் புராணக் கதைகளைச் சொல்லுகிறார். அவதாரம், விக்கிரகம், தீர்த்தம் எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்குகிறார். சுமந்து ஒவ்வொன்றாக மறுத்து, கடவுள் ஒருவரே, உருவமில்லாதவர், இந்தக் கதைகளெல்லாம் கட்டு என்று சாதிக்கிறார். வியாசர் தலை குனிகிறார். அதாவது புத்தகமே ஒரு மறுப்புப் புத்தகம்.

வால்டேருக்கு எவ்வளவு சந்தோஷமாயிருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! பூமி உண்டாகி ஆறாயிரம் வருஷம்தான் ஆயிற்று, யூதர்களின் வேதம்தான் முதல் வேதம், தெய்வத்தைப் பற்றிய ஞானம் அங்கிருந்துதான் புறப்பட்டது என்று பாதிரிகள் சாதித்துக் கொண்டிருந்த காலம் அது. இதோ, அலெக்சாந்தர் இந்தியாவுக்கு வருவதற்கு முந்தியே எழுதப்பட்ட புத்தகம், ஒரே கடவுளைச் சொல்லுகிறது, மோசேயின் தயவு இல்லாமலே சொல்லுகிறது என்று அவர் நினைத்தார். பாதிரியின் தலையில் போட இதை விட நல்ல கல் கிடைக்குமா? 1761இல் அதன் பிரதியை அரசனுடைய புத்தகசாலைக்குக் காணிக்கையாக அனுப்பினார். அதே வருஷம் தம் உலக சரித்திரத்தில் எடுத்தாண்டார். 1765இல் எழுதிய புத்தகத்திலும், 1767இல் எழுதிய புத்தகத்திலும் மறுபடி மறுபடி எடுத்தாண்டார். அவர் இறந்த 1778ஆம் வருஷத்திலேயே அந்த வேதம் சுவிட்சர்லாந்தில் இவர்தோன் என்ற ஊரில் இரண்டு பாகமாக அச்சாயிற்று. அடுத்த வருஷம் ஜெர்மன் பாஷையிலும் வந்தது.

தோழர்களே, அந்தப் புத்தகத்தை எழுதியது பாதிரிகளே! (கைதட்டல், சிரிப்பு). பாதிரியின் தலையில் போட வால்டேர் தூக்கிய கல் பாதிரி வீட்டு அம்மிக்கல். பிரஞ்சு ஏசு சபைப் பாதிரிகள், இந்துக்களோடு வாதம் செய்வதற்காக, வேத ரிஷிகளின் வாயில் தங்கள் வாதத்தை வைத்து எழுதியது அது.

இதை முதலில் வெளியில் சொன்னவர் சொன்னரா என்ற பிரஞ்சுக்காரர். செடி கொடி, பறவை இவைகளைப் பற்றி ஆராய்வதற்காக இந்தப் பக்கமெல்லாம் சுற்றியவர். பிற்காலத்தில் ஏனாமில் அதிகாரியாகவும் இருந்தார். 1782இல் எழுதிய பிரயாணப் புத்தகத்தில், இது நாலு வேதத்தில் ஒன்று அல்ல, மசூலிப்பட்டணத்தில் ஒரு பாதிரி எழுதிய வாதப் புத்தகம் என்று போட்டார். அச்சாகி நாலு வருஷத்தில் குட்டு வெளிப்பட்டு விட்டது.

ஆனால் ஒருவர் இல்லை என்று சொன்னால் போதுமா? அது தெமாந்தீர் மாத்திரமே. கணக்குக் காட்ட வேண்டாமா? அதைச் செய்தவர் எல்லிஸ். சென்னையில் கலெக்டராக இருந்தவர்; குறளுக்கு இங்கிலீஷில் உரை எழுதத் தொடங்கியவர்; தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல, அவை தனிக் குடும்பம் என்று 1816இலேயே ஆதாரத்தோடு அச்சில் காட்டியவர். அந்த எல்லிஸ் துரைதான் இந்தப் புதுச்சேரிக்கு வந்து, இங்கே கத்தோலிக்க மிஷனில் இருந்த கையெழுத்துப் புத்தகங்களைப் பார்த்தார். எசூர் வேதம் ஒன்று மாத்திரமல்ல. மற்ற வேதங்களின் பெயரிலும் அதே மாதிரி புத்தகங்கள் இருந்தன. சிலவற்றில் ஒரு பக்கம் பிரஞ்சு, எதிர்ப் பக்கத்தில் ரோமன் எழுத்தில் சமஸ்கிருதம். அவர் 1819இல் இறந்து போனார். அவர் எழுதி வைத்தது 1822இல் கல்கத்தா ஆசியச் சங்கத்தின் ஆராய்ச்சி மலரில் வெளிவந்தது.

எல்லிஸ் யாரையும் திட்டவில்லை. உச்சரிப்பைப் பார்த்தார். 'வ' வர வேண்டிய இடத்தில் 'ப' வருகிறது. வியாசர் பியாச் ஆவது வங்காளத்து வாயில். தென்னாட்டுச் சாஸ்திரி வாயில் அல்ல. அப்படியானால் ஸ்ரீரங்கத்துக் குருக்கள் எங்கே போனார்? பிறகு உள்ளே இருக்கிற சரக்கைப் பார்த்தார். உண்மையான வேதத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கோல்புரூக் என்பவர் 1805லேயே எழுதி அச்சிட்டு விட்டார். அதில் இந்திரனைக் கூப்பிடுவதும், அக்னியில் நெய் விடுவதும், சோம பானமும் இருக்கின்றனவே தவிர, புராணத்தை மறுக்கிற பேச்சு எங்கே? வேதத்துக்குப் பல காலம் பிந்தி வந்த புராணத்தை வேதமே மறுப்பது எப்படி? பேரனுடைய கலியாணத்துக்குப் பாட்டனார் பிறப்பதற்கு முன்னே மொய் எழுதின கதைதான்!

நாமும் ஒன்று சேர்த்துச் சொல்லுகிறோம். புராணப்படியே பார்த்தாலும் சுமந்து என்பவர் வியாசருடைய சிஷ்யர். வியாசர் வேதத்தை நாலாகப் பிரித்து நாலு சிஷ்யரிடம் கொடுத்தபோது யசுர் போனது வைசம்பாயனரிடம். சுமந்துவிடம் போனது அதர்வணம். எசூர் வேதத்திலோ சிஷ்யர் குருவாகிறார், குரு ஒன்றும் தெரியாதவராகிறார், அதர்வணக்காரர் யசுரைப் போதிக்கிறார். ஒரு சாதாரணக் கதாகாலட்சேபக்காரர் கூட ஐந்து நிமிஷத்தில் இது போலி என்று சொல்லியிருப்பார்.

பின் ஏன் ஒருவரும் சொல்லவில்லை? இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. தமிழில் வேதத்துக்குப் பெயரே மறை. சூத்திரன் காதில் விழக் கூடாது, மிலேச்சன் கண்ணில் படக் கூடாது என்று பூட்டி வைத்தார்கள். பூட்டி வைத்த பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வெளியில் இருக்கிறவனுக்குத் தெரியாது. ஆகவே எவன் எதைக் கொண்டு வந்து இதுதான் அந்தப் பெட்டியில் இருந்தது என்று சொன்னாலும் நம்ப வேண்டியதுதான். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். கால்மெத் என்ற பாதிரி 1730களிலேயே பெரும்பாடு பட்டு உண்மையான வேதச் சுவடிகளைச் சம்பாதித்துப் பாரீசுக்கு அனுப்பியிருந்தார். அரசனுடைய புத்தகசாலையில் அவை கிடந்தன. அங்கே படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நிஜ வேதம் அலமாரியில் தூங்க, அதே கட்டடத்துக்குள் போலி வேதம் வால்டேரின் சிபாரிசோடு ராஜ நடை போட்டுப் போயிற்று!

இன்னொரு பக்கத்தையும் நியாயமாகச் சொல்லி விட வேண்டும். எல்லிஸுக்கும் ஒரு இடத்தில் தப்பிற்று. இதை எழுதியவர் மதுரையில் சந்நியாசி வேஷத்தோடு இருந்த ராபர்ட் தெ நொபிலி என்று அவர் நினைத்தார். நொபிலி இறந்தது 1656இல். ஆராய்ச்சிக்காரர்கள் பிறகு அதை ஒப்பவில்லை. கால்மெத் பெயரையும் வேறு பாதிரிகளின் பெயரையும் சொல்லுகிறார்கள், முடிவு ஏற்படவில்லை. ஏசு சபையைச் சேர்ந்த காஸ்தே பாதிரியாரே 1935இல் இந்தப் புதுச்சேரியில் இதைப் பற்றி ஒரு புத்தகம் அச்சிட்டார். லூடோ ரோஷர் என்ற சமஸ்கிருத அறிஞர் 1984இல் மூலத்தை முழுதும் பதிப்பித்து, இது முதலில் பிரஞ்சிலேயே எழுதப்பட்டது, எதிலிருந்தும் மொழிபெயர்த்தது அல்ல என்று காட்டினார். எழுதிய பாதிரிக்கு ஐரோப்பாவை ஏய்க்கிற எண்ணம் இருந்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை. பாடப் புத்தகமாக எழுதி வைத்ததை, பின்னால் வந்தவர்கள் வேதமாக்கி விட்டார்கள் போலும். ஆகையால் பாதிரிகளின் பித்தலாட்டம் என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுவது நமக்கு இனிப்பாயிருந்தாலும், நாம் அப்படி முடிக்கப் போவதில்லை.

வால்டேர் ஏன் ஏமாந்தார்? அறிவு போதாமலா? பாதிரி காட்டுகிற எலும்பையும் பல்லையும் அற்புதத்தையும் விளக்கு வைத்துப் பார்த்தவர் அவர். இந்தப் புத்தகம் வந்தபோது மாத்திரம் விளக்கைக் கீழே வைத்து விட்டார். காரணம், இது தம் கட்சிக்கு வேண்டிய புத்தகம்.

இதைச் சொல்லும்போது நம்முடைய சொந்தக் கதை ஒன்றையும் சொல்லாமல் போனால் நாம் யோக்கியர்கள் அல்ல. சில வருஷங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் பேச்சுச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினோம். ஒருவருடைய கருத்து தமக்குப் பிடிக்காவிட்டாலும் அதைச் சொல்லும் உரிமைக்காகத் தம் உயிரையும் கொடுப்பதாக வால்டேர் சொன்னார் அல்லவா என்று கையை ஓங்கிச் சொன்னோம். நல்ல கைதட்டல். அதை நாம் எத்தனையோ மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறோம். அன்று பின் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், பிரஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்ந்தவர், எழுந்து, "அது எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தம்பி சொன்னால் நான் எழுதிக் கொள்வேன்" என்றார். நமக்குத் தெரியாது. உலகம் பூராவும் சொல்லுகிறது ஐயா என்றோம். அவர், "உலகம் பூராவும் பிள்ளையாரையும்தான் பால் குடித்தார் என்று சொல்லிற்று" என்று சொல்லி உட்கார்ந்து விட்டார். கூட்டம் சிரித்தது. நமக்குக் காது சுட்டது. பிள்ளையார் பால் குடித்த வதந்தி 1995இல் வந்தபோது, கல்லும் உலோகமும் பாலை இழுக்கிற விதத்தை ஸ்பூன் வைத்துக் காட்டியவர்கள் நம் தோழர்கள்!

பிறகு விசாரித்தோம். அந்த வாக்கியம் வால்டேர் எழுதியது அல்ல. ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற இங்கிலீஷ் மாது, டாலன்டயர் என்ற புனைபெயரில் 1906இல் வால்டேருடைய சிநேகிதர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எல்வேசியஸ் என்பவருடைய புத்தகத்தை 1759இல் பாரீசில் நெருப்பில் போட்டார்களே, அந்தச் சமயத்தில் வால்டேருடைய மனப்பான்மை இப்படி இருந்தது என்று அந்த அம்மையார் தம் வார்த்தையில் எழுதினார். படித்தவர்கள் அதை வால்டேர் வாய்ச் சொல்லாக்கி விட்டார்கள். இன்றும் கைபேசிகளில் அவர் படத்தோடு சுற்றுகிறது.

நாம் என்ன செய்தோம் என்றால், அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக, போன தடவை சொன்னது தப்பு என்று சொன்னோம். அதற்காக நம் தோழர்கள் இரண்டு பேர் நம்மோடு பல நாள் பேசவில்லை. எதிரிக்கு நாமே ஆயுதம் எடுத்துக் கொடுக்கலாமா, ஒரு நல்ல வாக்கியம் யார் சொன்னால் என்ன, பலன் நல்லதுதானே என்று கேட்டார்கள். இதையேதான் ஸ்தல புராணக்காரரும் சொல்லுகிறார், தோழர்களே! கதை பொய்யாயிருந்தால் என்ன, பக்தி வளருகிறது அல்லவா என்று. நாம் அந்தத் தோழர்களுக்கு இந்த எசூர் வேதக் கதையைத்தான் சொன்னோம். ஒருவர் சமாதானமானார். இன்னொருவர் இன்று இங்கே முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் இன்னும் ஒப்பவில்லை என்று முகம் சொல்லுகிறது. (சிரிப்பு).

இனி அந்தக் குடியானவருக்குப் பதில். டிபங்க் என்பதற்குத் தமிழில் புதிதாக வார்த்தை கட்ட வேண்டியதில்லை. குட்டை உடைப்பது என்று அவர் வீட்டிலேயே வார்த்தை இருக்கிறது. குட்டு என்றால் மறைத்து வைத்திருப்பது. மறைத்து வைத்ததை எல்லாருக்கும் தெரியும்படி போட்டு உடைப்பதுதான் இந்த வேலை. எல்லிஸ் இங்கே செய்தது அது. காலேஜ்ப் பிள்ளைக்கு எழுத்தில் வேண்டுமானால் புளுகு நீக்கம் என்று வைத்துக் கொள்ளட்டும். அடுத்த வாரம் அதே கிராமத்துக்கு மறுபடி போகிறோம். இதை அவரிடம் சொல்லப் போகிறோம். அதற்கும் அவர் ஒரு கேள்வி வைத்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

இன்று நாம் சொன்ன வருஷங்களையும் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி இந்த மேஜையின் மேல் வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் எழுதிக் கொண்டு போய் விசாரிக்கலாம். பின் வரிசையில் கை தூக்குகிற ஐயா முதலில் கேட்கட்டும்.